அமெரிக்க அரசு முடக்கத்தின் பொருளாதாரப் பாதிப்பை அளவிடுவது எப்படி?

நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாததால் அலுவலகங்கள் மூடி அமெரிக்க அரசு முடங்கும் ஒவ்வொரு முறையும், ‘இத்தனை கோடி டாலர் இழப்பு’ என்று ஒரு தொகை முதல் வாரத்திலேயே செய்திகளில் வந்துவிடுகிறது. அந்தத் தொகை எதைக் குறிக்கிறது என்பதைப் பலரும் சொல்வதில்லை. செலவிடப்படாமல் நிற்கும் அரசுப் பணமா, அந்தக் காலாண்டில் குறைந்த உற்பத்தியா, பிறகு ஒருபோதும் ஈடுசெய்ய முடியாத உற்பத்தியா என்று பிரித்துக் கேட்டால், ஒரே நிகழ்வுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் நீடித்த முடக்கத்தால் உற்பத்தி 1,100 கோடி டாலர் குறைந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் (சிபிஓ) மதிப்பிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்த முடக்கத்தின்போது, ஆறு வாரம் நீடித்தால் இழப்பு 1,100 கோடி டாலர் என்று அதே அலுவலகம் கூறியது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் பாதிப்பும் ஒன்றே என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். முதலாவது, முடக்கக் காலத்தில் குறைந்த மொத்த உற்பத்தி. அதில் திரும்பி வராதது 300 கோடி டாலர் மட்டுமே. இரண்டாவது முழுவதும் திரும்பி வராத தொகை. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முடக்கத்தின் விளைவை வாசகர் தாமே எடைபோடுவது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில், எது மூடியிருக்கிறது என்று பாருங்கள்

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் இடைக்காலத் தீர்மானம் ஒன்றின் மூலம் பழைய அளவிலேயே செலவைத் தொடரலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால், ஒதுக்கீடு இல்லாத பணத்தைச் செலவிடத் தடை விதிக்கும் ஆன்டி-டெஃபிஷியன்சி சட்டம் குறுக்கே நிற்கும். அந்தச் சட்டம் மிகப் பழையது. ஆனால் நிதி இடைவெளி ஏற்பட்டால் அலுவலகத்தையே மூட வேண்டும் என்ற கண்டிப்பான விளக்கம், தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி 1980இலும் 1981இலும் எழுதிய கருத்துரைகளிலிருந்தே வந்தது. அதற்கு முன் நிதி இடைவெளிகள் ஏற்பட்டபோது பெரும்பாலான அலுவலகங்கள் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வழக்கம்போல் இயங்கின.

ஆகவே ‘அரசு முடங்கியது’ என்ற தலைப்பைப் படித்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, 12 மசோதாக்களில் எத்தனை நிறைவேறியிருந்தன என்பதே. 2018-19இல் ஐந்து மசோதாக்கள் முன்பே சட்டமாகியிருந்தன. பாதுகாப்புத் துறையும் தொழிலாளர் துறையும் வழக்கம்போல் இயங்கின. 2025இல் ஒன்றுகூட நிறைவேறவில்லை. நாள்கணக்கை மட்டும் ஒப்பிட்டால் 35க்கும் 43க்கும் பெரிய இடைவெளி இல்லை. மூடிய துறைகளின் அளவை ஒப்பிட்டால்தான் இழப்பு ஏன் பல மடங்கானது என்பது புரியும்.

எது மூடாது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் ஒதுக்கீடு தேவைப்படும் செலவு, மத்திய அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ கால்பங்குதான். முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், கடன் பத்திரங்களுக்கான வட்டி ஆகியவை நிரந்தரச் சட்டங்களின்கீழ் தொடர்ந்து வழங்கப்படும். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் அஞ்சல் துறையும் தம் வருவாயிலேயே இயங்குகின்றன. அமெரிக்கா தன் கடனைக் கட்ட முடியாமல் போகும் அபாயம் கடன் உச்சவரம்பு (அரசு வாங்கக்கூடிய மொத்தக் கடனுக்கான சட்ட வரம்பு) என்னும் வேறொரு சட்டச் சிக்கலிலிருந்து வருவது. 2013 அக்டோபரில் 16 நாள் முடக்கமும் கடன் உச்சவரம்பு நெருக்கடியும் ஒன்றாக வந்துவிட்டதால், அந்த ஆண்டின் பாதிப்பை எடுத்துக்காட்டாகக் காட்டும் எவரும் இரண்டையும் பிரித்துத் தந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

பணியாளர்களை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள்

இழப்பைக் கணக்கிடுவதில் மிகுந்த குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். முடக்கத்தில் அகப்படும் பணியாளர்கள் மூன்று வகையினர். முதல் வகையினர் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள். இவர்கள் வேலை செய்வதில்லை, அப்போதைக்குச் சம்பளமும் இல்லை. இரண்டாம் வகையினர் உயிரையும் உடைமையையும் காக்கும் பணியில் இருப்பதால் சம்பளமில்லாமலே வேலைக்கு வர வேண்டியவர்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் விமான நிலையச் சோதனை அலுவலர்களும் இவர்களில் அடக்கம். மூன்றாம் வகையினர் அரசு ஊழியர்களே அல்லர். அரசுக் கட்டடங்களில் துப்புரவு, காவல், சமையல் போன்ற வேலைகளை ஒப்பந்த நிறுவனங்களின் வழியாகச் செய்பவர்கள்.

2018-19இல் முதல் வகையில் சுமார் 3,80,000 பேரும் இரண்டாம் வகையில் சுமார் 4,20,000 பேரும் இருந்தனர். 2019 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒன்று, இந்த இரு வகையினருக்கும் முடக்கம் முடிந்தவுடன் நிலுவைச் சம்பளத்தை உறுதிசெய்தது. 2025இல் அந்த உறுதியை வெள்ளை மாளிகை கேள்விக்குட்படுத்தியபோதும், முடக்கத்தை முடித்துவைத்த சட்டம் நிலுவையைத் தெளிவாக வழங்கிவிட்டது. மூன்றாம் வகையினருக்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லை.

இப்போது ஒவ்வொரு வகையினரின் விளைவையும் தனித்தனியே பாருங்கள். இரண்டாம் வகையினரின் உழைப்பு நடந்துவிட்டது. சம்பளம் மட்டும் தள்ளிப்போயிற்று. முதல் வகையினருக்குச் சம்பளம் பின்னர் வந்துசேரும். ஆனால் அவர்கள் செய்யாத வேலை நாட்டின் உற்பத்திக் கணக்கில் என்றைக்கும் சேராது. மூன்றாம் வகையினருக்கு வேலையும் போயிற்று, கூலியும் போயிற்று. இவர்களே குடும்ப அளவில் மிகக் கடுமையாக அடிபடுகிறவர்கள் என்பது என் கருத்து. மொத்த உள்நாட்டு உற்பத்தியை (ஜிடிபி) மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இவர்கள் தென்படவே மாட்டார்கள்.

நிரந்தர இழப்பை நீங்களே கணக்கிடலாம்

திரும்பி வராத இழப்பின் பெரும்பகுதி, கட்டாய விடுப்பில் இருந்தோர் உழைக்காத மணிநேரங்களின் மதிப்பு. இதைக் கணக்கிடப் பொருளியல் பட்டம் தேவையில்லை. 2025 முடக்கம் தொடங்கும் தறுவாயில் சிபிஓ ஒரு மதிப்பீட்டைத் தந்தது: நாளொன்றுக்குச் சுமார் 7,50,000 பேர் கட்டாய விடுப்பில் இருப்பார்கள், அவர்களுக்கான சம்பளமும் சலுகைகளும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 40 கோடி டாலர். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை உள்ள 43 நாட்களில் சனி, ஞாயிறுகளைக் கழித்தால் 31 வேலைநாட்கள் மிஞ்சும். அவற்றில் அக்டோபர் 13 கொலம்பஸ் நாள், நவம்பர் 11 முன்னாள் படைவீரர் நாள் ஆகிய இரண்டும் அரசு விடுமுறைகள். எஞ்சிய 29 நாட்களை 40 கோடியால் பெருக்கினால் 1,160 கோடி டாலர். ஆறு வார முடக்கத்துக்கு சிபிஓ தன் விரிவான மாதிரியைக் கொண்டு கணித்த நிரந்தர இழப்பான 1,100 கோடி டாலருக்கு இந்த எளிய பெருக்கல் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். விடுப்பில் இருந்தவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது என்பதால் இரண்டும் துல்லியமாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு செய்தியில் வரும் தொகை நம்பத்தக்க வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிக்க இது போதும்.

இதே முறையை 2018-19க்குப் பொருத்தினால், அப்போது இழப்பு 300 கோடியில் நின்றதன் காரணமும் விளங்கும். கட்டாய விடுப்பில் இருந்தோர் 2025இல் இருந்ததில் ஏறத்தாழ பாதி. இடையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மார்ட்டின் லூதர் கிங் நாள் என்று விடுமுறைகள் வந்து வேலைநாட்களைக் குறைத்துவிட்டன.

பெரிய எண்களைச் சோதிக்கும் வழக்கம் எல்லோருக்கும் பயன்படும். 2025 அக்டோபர் நடுவில், முடக்கம் பொருளாதாரத்துக்கு நாளொன்றுக்கு 1,500 கோடி டாலர் இழப்பை ஏற்படுத்துகிறது என்று நிதித் துறைச் செயலர் ஸ்காட் பெசன்ட் கூறினார். அது வாரத்துக்கான தொகை என்று அவருடைய துறை பின்னர் திருத்தியது. அமெரிக்காவின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 30 லட்சம் கோடி டாலர் என்பது நினைவில் இருந்தால், ஒரு நாள் உற்பத்தி எட்டாயிரம் கோடியைச் சற்றே தாண்டும். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தினமும் மறைந்துபோகிறது என்பது நடக்கக்கூடியதா என்ற கேள்வி திருத்தம் வெளிவருவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

காலாண்டு எண்ணைப் படிக்கும் முறை

அமெரிக்கா தன் வளர்ச்சி விகிதத்தை ஆண்டுக்கணக்காக்கி வெளியிடுகிறது. அதாவது ஒரு காலாண்டில் நடந்த மாற்றம் அதே வேகத்தில் ஓராண்டு தொடர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று காட்டுகிறது. எனவே 2025இன் நான்காம் காலாண்டில் ஆறு வார முடக்கம் வளர்ச்சியை 1.5 சதவீதப் புள்ளி குறைக்கும் என்று சிபிஓ சொன்னபோது, அந்தக் காலாண்டின் உற்பத்தி 1.5 சதவீதம் சரியும் என்பது அதன் பொருளன்று. நான்கால் வகுத்தால், உண்மையான சரிவு 0.4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்த காலாண்டில் அலுவலகங்கள் திறந்து, நிலுவைகள் பட்டுவாடா ஆகி, தள்ளிப்போட்ட கொள்முதல்கள் நடக்கும்போது, வளர்ச்சி விகிதம் அதே காரணத்தால் வழக்கத்தைவிட உயர்ந்து தெரியும். முதல் எண்ணைக் கண்டு அஞ்சுவதும் அடுத்த எண்ணைக் கண்டு மகிழ்வதும் ஒரே அளவில் பயனற்றவை. இரண்டு காலாண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்துப் படிப்பதே முறை.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. அரசுப் பணிகளுக்குச் சந்தை விலை இல்லாததால், அவற்றின் மதிப்பைக் கணக்காளர்கள் அவற்றுக்கான செலவைக் கொண்டே, முக்கியமாக ஊழியர் சம்பளத்தைக் கொண்டே, அளக்கிறார்கள். கட்டாய விடுப்புக்குப் பிறகு முழுச் சம்பளமும் வழங்கப்படுவதால், நடப்பு விலையில் பார்க்கும்போது அரசின் பங்கு குறைவதே இல்லை. உழைத்த மணிநேரம் குறைந்துவிட்டதால், விலை மாற்றத்தை நீக்கிய மெய்யான உற்பத்தி குறைகிறது. ஆக, குறைந்த பணிக்கு அதே பணம் கொடுத்ததாக, அரசுப் பணியின் ‘விலை’ உயர்ந்ததாகக் கணக்கில் பதிவாகும். 2013 முடக்கத்தில் இந்த ஒரு வழியால் மட்டும் நான்காம் காலாண்டு வளர்ச்சி 0.3 சதவீதப் புள்ளி குறைந்ததாகப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் கணக்கிட்டது. அந்த எண்ணில் தனியார் துறையின் பாதிப்பு அடங்காது. அதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அரசுக்கு வெளியே தேடுங்கள்

தனியார் துறையில் பாதிப்பு மூன்று வழிகளில் பரவுகிறது. முதலாவது, சம்பளம் வராத குடும்பங்களின் செலவுக் குறைப்பு. அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்பதால், முடக்கம் தொடங்கிய நாளைவிட முழுச் சம்பளம் முதன்முறை தவறும் நாளே முக்கியமானது. 2019இல் அது ஜனவரி 11. 2013 முடக்கத்தின் வங்கிக் கணக்குத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், பல குடும்பங்கள் வீட்டுக்கடன் தவணையையும் கடன் அட்டை பாக்கியையும் சில நாள் தள்ளிப்போட்டுச் சமாளித்ததைக் கண்டனர். குறுகிய முடக்கத்துக்கு இந்த உத்தி போதும். இரண்டாவது சம்பளமும் தவறினால் போதாது. அதனால்தான் பாதிப்பு நாட்களுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; நான்காவது வாரத்துக்குப் பிறகு வேகமெடுக்கிறது.

உதவித்தொகைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. மாதந்தோறும் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் பெறும் ஸ்னாப் உணவு உதவி, 2019இல் பிப்ரவரி மாதத்துக்குரிய தொகையை ஜனவரியிலேயே வழங்கியதால் தப்பியது. 2025 நவம்பரில் அது உரிய நாளில் கிடைக்கவில்லை. நீதிமன்ற உத்தரவுகளுக்கு நடுவே சில மாநிலங்களில் முழுமையாகவும் சிலவற்றில் பகுதியாகவும் வழங்கப்பட்டது. சாப்பாட்டுக்கான பணம் என்பதால் இதன் தாக்கம் மளிகைக் கடை விற்பனையில் உடனே தெரியும்.

இரண்டாவது வழி, அரசின் கையொப்பம் கிடைக்காமல் நிற்கும் வேலைகள். சிறுதொழில் கடன் உத்தரவாதம், புதிய பங்கு வெளியீட்டுக்கான அனுமதி, மதுபான லேபிள்களுக்கான ஒப்புதல், வெள்ளக் காப்பீடு என்று இந்தப் பட்டியல் நீளும். தமிழ் வாசகர்களில் பலருக்கு நேரடியாகத் தொடர்புள்ள, திறன்சார் வேலைக்கான ஹெச்-1பி விசாவும் இதில் வருகிறது. குடியேற்றச் சேவை அலுவலகம் விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குவதால் முடக்கத்தில் மூடுவதில்லை. தூதரகங்களின் விசா பணியும் பெரும்பாலும் கட்டணத்தில் நடப்பதால் சென்னையில் நேர்காணல்கள் நின்றுவிடும் என்று பதற வேண்டியதில்லை. ஆனால் ஹெச்-1பி மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன், சம்பள அளவையும் வேலை நிலைமையையும் உறுதிசெய்யும் சான்றிதழை நிறுவனம் தொழிலாளர் துறையிடமிருந்து பெற்றாக வேண்டும். அந்தத் துறை மூடினால், அடுத்த படியில் உள்ள அலுவலகம் திறந்திருந்தும் பயனில்லை. 2013 அக்டோபரிலும் 2025 அக்டோபரிலும் இந்தச் சான்றிதழ்கள் நின்றன; 2025இல் அக்டோபர் மாத இறுதியில் மீண்டும் தொடங்கின. தொழிலாளர் துறைக்கு முன்பே நிதி ஒதுக்கப்பட்டிருந்ததால் 2018-19இல் இந்தச் சிக்கல் எழவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற இருந்தவருக்கு இது சில வாரத் தாமதம். வேலையிழந்து 60 நாள் அவகாசத்துக்குள் புதிய மனு தாக்கலாக வேண்டியவருக்கோ, முடக்கம் அந்த அவகாசத்தைத் தானாக நீட்டித்துத் தருவதில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் விருப்புரிமை அதிகாரிகளிடம் இருக்கிறது, அவ்வளவுதான். முடக்கம் வரும் அறிகுறி தெரிந்தவுடன், இத்தகைய சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி நிறுவனத்தை வற்புறுத்துவதே நடைமுறையில் பயன் தரும் ஒரே காரியம்.

மூன்றாவது, இடம் சார்ந்த பாதிப்பு. 2013இல் தேசியப் பூங்காக்கள் மூடப்பட்டதால் அந்த அக்டோபரில் 78 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் குறைந்தனர் என்றும், பூங்காக்களை அடுத்துள்ள ஊர்கள் 41 கோடி டாலருக்கு மேல் சுற்றுலாச் செலவை இழந்தன என்றும் பூங்காச் சேவை பின்னர் கணக்கிட்டது. அரிசோனாவும் யூட்டாவும் நியூயார்க்கும் தம் பணத்தைக் கட்டி முக்கிய இடங்களைத் திறக்கவைத்தன. இலையுதிர் காலத்தில் வராத பயணி அந்த அறையின் வாடகையைக் குளிர்காலத்தில் வந்து கட்டுவதில்லை. இது திரும்பி வராத இழப்பு. வான்வழியிலும் அப்படியே. 2019 ஜனவரி 25 அன்று கட்டுப்பாட்டாளர்கள் போதாமல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. முடக்கத்தை முடிக்கும் அறிவிப்பு அன்றே வந்தது. 2025 நவம்பர் 7 முதல் 40 விமான நிலையங்களில் விமானங்களை 4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க உத்தரவிடப்பட்டது. 6 சதவீதத்தை எட்டியபோது முடக்கம் முடிவுக்கு வந்தது. ஒரு முடக்கம் எப்போது முடியும் என்று கணிக்க விரும்புபவர், செனட் உரைகளைக் கேட்பதைவிட விமான நிலைய ஊழியர்களின் வருகைப் பதிவைக் கவனிப்பது நல்லது.

பங்குச் சந்தையை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். 2018-19 முடக்கத்தின் 35 நாட்களில் பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்கு விலைகளைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 10 சதவீதம் உயர்ந்தது. வட்டி விகிதம் குறித்து ஃபெடரல் ரிசர்வ் தன் போக்கைத் தளர்த்தியது அதற்கு முக்கியக் காரணம். முடக்கம் நன்மை செய்தது என்று எவரும் அதிலிருந்து வாதிட முடியாது.

புள்ளிவிவரங்களும் முடங்கும் என்பதை மறவாதீர்கள்

விளைவை அளக்க வேண்டிய அலுவலகங்களே மூடிவிடுவது இந்தத் துறையின் தனிச் சங்கடம். தரவு வெளிவந்தாலும் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் மாத வேலைவாய்ப்பு அறிக்கை இரு கணக்கெடுப்புகளைக் கொண்டது. நிறுவனங்களிடம் கேட்கும் கணக்கெடுப்பில், பின்னர் சம்பளம் பெறப்போகும் விடுப்பு ஊழியர் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறார். வீடுகளில் கேட்கும் கணக்கெடுப்பிலோ அவர் தற்காலிகமாக வேலையிழந்தவர். அதனால்தான் 2019 ஜனவரி அறிக்கையில் வேலைகள் 3,04,000 கூடியதாக முதலில் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில் வேலையின்மை விகிதமும் 3.9இலிருந்து 4.0 சதவீதமாக உயர்ந்தது.

2025இல் நிலைமை இன்னும் மோசம். அக்டோபர் மாத வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தப்படவே இல்லை. 1948 முதல் தொடர்ந்து வரும் வேலையின்மை விகித வரிசையில் அந்த மாதத்துக்கு எண் இல்லை. அக்டோபர் விலைவாசிக் குறியீட்டுக்கான விலைகளும் திரட்டப்படவில்லை. கடைக்குச் சென்று அன்றைய விலையைக் குறித்துக்கொள்ள வேண்டிய வேலையைப் பிறகு செய்ய முடியாது என்பதால் இந்த இடைவெளி நிரந்தரமானது. எனவே 2025இன் இறுதி மாதங்களை ஆராய்பவர் செப்டம்பரை நவம்பரோடு ஒப்பிட்டு, இரு மாத மாற்றத்தை இரண்டால் வகுத்துப் படிக்க வேண்டும். வீட்டு வாடகைக் கணக்கில் அக்டோபர் மாற்றம் பெருமளவில் சுழியம் என்றே ஆகிவிட்டதால், அதே வீடுகளின் வாடகை ஆறு மாதம் கழித்து மீண்டும் திரட்டப்படும் 2026 ஏப்ரல் வரையிலான ஆண்டுப் பணவீக்க எண்களைச் சற்றுக் குறைவானவை என்று கருதியே பயன்படுத்த வேண்டும்.